தரவுத்தளப் பயன்பாடுகளும் வலைச் சட்டகத் தேர்வும்

வளர்ச்சித் திட்டங்களின் வெற்றி நிதி ஒதுக்கீட்டை மட்டும் பொறுத்ததன்று. ஒதுக்கிய நிதி யாரைச் சென்றடைந்தது, எப்போது சென்றடைந்தது, அதனால் விளைந்த பயன் யாது என்பனவற்றைக் காட்டும் பதிவுகளையும் அது பொறுத்திருக்கிறது. பதிவேடுகளைச் செம்மையாகப் பராமரிப்பது நமது நிர்வாகத்தில் வேரூன்றிய மரபாகும். 1976ஆம் ஆண்டில் தேசியத் தகவலியல் மையம் நிறுவப்பெற்றது முதல் இப்பதிவேடுகள் படிப்படியாகக் கணிப்பொறிக்கு மாறி வந்துள்ளன. 2006ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட தேசிய மின்னாளுகைத் திட்டமும், 2015ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற டிஜிட்டல் இந்தியா திட்டமும் இம்மாற்றத்தை விரைவுபடுத்தின.

நாடு தழுவிய பெரும் மென்பொருள்களை வல்லுநர் குழுக்கள் உருவாக்குகின்றன. ஆனால் மாவட்ட அலுவலகங்கள், ஊராட்சி ஒன்றியங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், கல்லூரிகள் ஆகியவற்றில் எழும் சிறு தேவைகள் எண்ணற்றவை. இத்தேவைகளை நிறைவு செய்ய முன்வருவோர் பெரும்பாலும் தொழில்முறை நிரலர்கள் அல்லர். கணிப்பொறியில் ஆர்வங்கொண்ட இளநிலை அலுவலர்களும், பயிற்சிக்கென வரும் மாணவர்களுமே இப்பணியை மேற்கொள்கின்றனர். தரவுத்தளப் பயன்பாடு ஒன்றை உருவாக்குவதற்கு எந்த வலைச் சட்டகத்தைக் கற்பது என்பதே அவர்கள் எழுப்பும் முதல் வினாவாகும். இவ்வினாவுக்குத் தொழில்நுட்பம் மட்டும் விடை தர இயலாது. வரம்புக்குட்பட்ட காலத்தையும் உழைப்பையும் எதில் செலவிடுவது என்பது பொருளாதாரத் தேர்வுமாகும். அந்நோக்கிலேயே இக்கட்டுரையில் இதனை ஆராய்வோம்.

விரிதாள் எங்கே போதாது?

எளிய பணிகளுக்கு எக்செல் போன்ற விரிதாளே போதுமானது. ஒருவர் மட்டுமே கையாளும் இருநூறு வரிப் பட்டியலுக்கு வலைப் பயன்பாடு தேவையில்லை. மத்திய அரசோ மாநில அரசோ அதே விவரங்களைத் திரட்டும் மென்பொருளை ஏற்கெனவே வழங்கியிருப்பின், மற்றொன்றை உருவாக்குவது இரட்டை வேலையாக முடியும். ஆகவே, உருவாக்கத்தான் வேண்டுமா என்பதை முதலில் தீர்மானித்துக் கொள்ளுதல் நலம்.

எனினும், ஒரே விவரத்தைப் பலர் பல இடங்களிலிருந்து பதிவு செய்யும்போது விரிதாள் தன் எல்லையை அடைந்துவிடுகிறது. ஒன்றிய அலுவலர் மின்னஞ்சலில் அனுப்பிய தாள் ஒன்று, மாவட்ட அலுவலகத்தில் திருத்தப்பட்ட தாள் ஒன்று, வங்கி திருப்பி அனுப்பிய தாள் ஒன்று என மூன்று படிகள் தோன்றுகின்றன. இவற்றுள் எது மெய்யான பதிவு என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது.

மகளிர் சுய உதவிக் குழுக்களின் கடன் பதிவேட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நபார்டு வங்கி 1992ஆம் ஆண்டில் தொடங்கிய சுய உதவிக் குழு - வங்கி இணைப்புத் திட்டத்தின்வழி இக்குழுக்கள் வங்கிக் கடன் பெறும் வாய்ப்பைப் பெற்றன. குழுவுக்குப் பெரும்பாலும் 10 முதல் 20 வரை உறுப்பினர்கள் இருப்பர். ஒரு வட்டாரத்தில் 300 குழுக்கள் உள்ளன என்றும், குழுவுக்கு 12 பேர் வீதம் கடன் பெற்றுள்ளனர் என்றும் கொண்டால், மாதத்திற்கு 3,600 தவணைகளும், ஆண்டிற்கு 43,200 தவணைகளும் பதிவாக வேண்டும். இவற்றுள் ஒரு தவணை விடுபட்டாலும், அதைச் செலுத்திய பெண் தவணை தவறியவராகக் கருதப்படுவார். அடுத்த கடன் அவருக்கு மறுக்கப்படலாம். பதிவின் துல்லியம் என்பது இங்கு அலுவலகத்தின் வசதியைப் பற்றிய செய்தியன்று. ஒரு குடும்பத்தின் நாணயத்தைப் பற்றியதாகும்.

முதலில் அட்டவணை, பின்னரே சட்டகம்

தொடக்க நிலையினர் பலர் சட்டகத்தைத் தேர்ந்த பின்னர் தரவுத்தளத்தைப் பற்றிச் சிந்திக்கின்றனர். இவ்வரிசை தலைகீழாக மாறுதல் வேண்டும். பயன்பாட்டின் திரைகள் அடிக்கடி மாறும். சட்டகமும் ஒருநாள் மாறலாம். தரவு மட்டும் நிலைத்திருக்கும்.

தொடர்புசார் தரவுத்தளக் கோட்பாட்டை ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் அறிஞர் 1970ஆம் ஆண்டில் வெளியிட்டார். விவரங்களை அட்டவணைகளாகப் பிரித்து, ஒவ்வொரு செய்தியையும் ஒரே இடத்தில் மட்டும் பதிந்து, அட்டவணைகளை அடையாள எண்களால் இணைப்பதே அதன் சாரமாகும். இத்தரவுத்தளங்களை வினவுவதற்கான எஸ்.கியூ.எல். மொழி 1970களில் உருவாகி, 1986ஆம் ஆண்டில் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பின் ஏற்பையும், 1987ஆம் ஆண்டில் பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பின் ஏற்பையும் பெற்றது. அன்று கற்றவருக்கு இன்றும் பயன்படும் கணிப்பொறி அறிவு மிகச் சிலவே, அவற்றுள் எஸ்.கியூ.எல். ஒன்றாகும்.

நமது எடுத்துக்காட்டுக்கு நான்கு அட்டவணைகள் போதும். அவை குழு, உறுப்பினர், கடன், தவணை என்பன. ஒரு குழுவுக்குப் பல உறுப்பினர். ஓர் உறுப்பினருக்குக் காலப்போக்கில் பல கடன்கள். ஒரு கடனுக்குப் பல தவணைகள். இந்த உறவுகளை ஒரு தாளில் வரைந்து பார்த்த பின்னரே கணிப்பொறியின் முன் அமர வேண்டும். அவ்வாறு வரையும்போது பின்வரும் நான்கு விதிகளை நினைவிற் கொள்ளுதல் நன்று.

முதலாவதாக, பெயரை அடையாளமாகக் கொள்ளலாகாது. ஒரே சிற்றூரில் ஒரே பெயருடைய இருவர் இருப்பது இயல்பு. எனவே ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் வேண்டும்.

இரண்டாவதாக, கணக்கிட்டுப் பெறத்தக்கதைத் தனியே பதிய வேண்டியதில்லை. நிலுவைத் தொகை என்பது கடனிலிருந்தும் தவணைகளிலிருந்தும் பெறப்படுவது. அதனைத் தனிக் கலத்தில் எழுதி வைத்தால், ஒருநாள் அக்கலம் ஒன்றைக் கூறும். தவணைகளின் கூட்டுத்தொகை வேறொன்றைக் கூறும்.

மூன்றாவதாக, பணத்தைத் துல்லியப் பதின்ம எண்ணாகவே சேமிக்க வேண்டும். கணிப்பொறி பின்னங்களை இரும எண் முறையில் தோராயமாகக் கையாளும் வகை ஒன்று உண்டு. அவ்வகையில் 0.1 உடன் 0.2ஐக் கூட்டினால் சரியாக 0.3 கிடைப்பதில்லை, மிகச் சிறிய பிழை எஞ்சுகிறது. பல்லாயிரம் பதிவுகளில் இப்பிழை பெருகினால் பேரேட்டின் கூட்டுத்தொகை ஒத்துவராது.

நான்காவதாக, தவறான பண வரவை அழித்துத் திருத்துதல் கூடாது. கணக்கர்கள் செய்வதைப் போல் எதிர்ப்பதிவு ஒன்றை இட்டு, சரியான தொகையைப் புதிதாகப் பதிய வேண்டும். தணிக்கை நடைபெறும்போது இதன் பயன் விளங்கும்.

சட்டகம் என்பது யாது?

ஃபிரேம்வொர்க் எனக் கணிப்பொறியாளர் வழங்குவதையே இங்குச் சட்டகம் என்கிறோம். வீடு கட்டுவோர் ஒவ்வொருவரும் செங்கல்லைத் தாமே சுட்டுக்கொள்வதில்லை. அதுபோலவே, எல்லா வலைப் பயன்பாடுகளுக்கும் பொதுவான வேலைகளை ஒவ்வொருவரும் புதிதாக எழுத வேண்டியதில்லை. அவ்வேலைகளை ஆயத்த நிலையிலும், ஓர் ஒழுங்குமுறையிலும் வழங்குவதே சட்டகமாகும்.

பயனாளர் உலாவியில் ஒரு முகவரியைத் தட்டுகிறார். அம்முகவரிக்கு எந்த நிரற்பகுதி விடையளிக்க வேண்டும் என்பதைச் சட்டகம் கண்டறிகிறது. அப்பகுதி தரவுத்தளத்திலிருந்து விவரங்களைப் பெறுகிறது. பெற்ற விவரங்கள் பக்க வார்ப்பு ஒன்றில் நிரப்பப்பட்டு உலாவிக்குத் திரும்புகின்றன. தரவு, செயல்முறை, தோற்றம் ஆகிய மூன்றையும் இவ்வாறு பிரித்து வைக்கும் முறை 1979ஆம் ஆண்டளவில் நார்வே நாட்டுக் கணிப்பொறி அறிஞர் டிரிக்வே ரீன்ஸ்காக் வகுத்த கருத்திலிருந்து வளர்ந்ததாகும். பிரித்து வைப்பதன் பயன் நடைமுறைக்குரியது. அறிக்கையின் தலைப்பை மாற்ற விரும்புவோர் வட்டி கணக்கிடும் நிரலைத் தொட வேண்டியதில்லை.

இவற்றுடன் உள்நுழைவு, அனுமதிகள், படிவச் சரிபார்ப்பு, தரவுத்தள அமைப்பில் நேரும் மாற்றங்களை வரிசையாகப் பதிந்து வைத்தல் ஆகியவற்றையும் நல்ல சட்டகங்கள் தருகின்றன. எவற்றைத் தாமே தருகின்றன, எவற்றைப் பயனாளரின் தேர்வுக்கு விடுகின்றன என்பதில்தான் ஒவ்வொன்றும் மற்றொன்றிலிருந்து வேறுபடுகிறது.

விலையில்லாப் பொருளின் விலை

இன்று வழக்கிலுள்ள முக்கியச் சட்டகங்கள் யாவும் திறந்த மூல உரிமத்தில் கிடைக்கின்றன. இந்திய அரசும் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட கொள்கையின் வாயிலாகத் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளித்துள்ளது. ஆகவே உரிமக் கட்டணம் தேர்வைத் தீர்மானிக்கும் காரணியன்று. விலை வேறு இடத்தில் செலுத்தப்படுகிறது. அது மனித உழைப்பின் காலமாகும்.

இக்காலச் செலவை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது கற்கும் காலம். இரண்டாவது உருவாக்கும் காலம். மூன்றாவது பராமரிக்கும் காலம். தொடக்க நிலையினர் முதலிரண்டை மட்டும் நோக்கி முடிவெடுக்கின்றனர். ஆனால் அலுவலகப் பயன்பாடு ஒன்று பல ஆண்டுகள் இயங்கும். அதை உருவாக்கியவரோ அதற்குள் மாற்றலாகிச் செல்வார். மாணவராயின், படிப்பை முடித்துச் செல்வார். அதன்பின் வருபவர் அந்நிரலைப் படித்துப் புரிந்துகொள்ள இயலவில்லையெனில், முன்னர்ச் செலவிட்ட உழைப்பு முழுவதும் வீணாகும். எனவே பயன்பாட்டின் ஆயுட்காலம் முழுவதற்குமான செலவே ஒப்பிடத்தக்க செலவாகும்.

இந்நோக்கில் ஐந்து அளவுகோல்கள் புலனாகின்றன.

1. ஆயத்தப் பகுதிகள்: உள்நுழைவு, படிவம், தரவுத்தள இணைப்பு ஆகியன சட்டகத்துடனேயே வருகின்றனவா?

2. கற்கும் நூல்கள்: அதிகாரப்பூர்வப் பயிற்சிநூல் தெளிவாகவும் பதிப்புக்கேற்பப் புதுப்பிக்கப்பட்டும் உள்ளதா?

3. ஆதரவுக் காலம்: ஒரு பதிப்புக்கு எத்தனை ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்கப்படும் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறதா?

4. ஆள்வளம்: அம்மொழியை அறிந்தவர் அருகிலுள்ள கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் கிடைப்பாரா?

5. வெளியேறும் வழி: நாளை வேறு சட்டகத்திற்கு மாற நேரின், தரவை இழப்பின்றி எடுத்துச் செல்ல இயலுமா?

வேகம் இப்பட்டியலில் இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்கலாம். நமது எடுத்துக்காட்டின் 43,200 பதிவுகள் எச்சட்டகத்திற்கும் பெருஞ்சுமையல்ல. சில நூறு பேர் பயன்படுத்தும் பயன்பாட்டுக்கு வேக ஒப்பீடுகள் பொருளற்றவை.

சட்டகங்கள்: ஓர் ஒப்பீடு

ஃபிளாஸ்க்: பைத்தான் மொழியில் அமைந்த இச்சட்டகத்தை ஆர்மின் ரோனாக்கர் 2010ஆம் ஆண்டில் வெளியிட்டார். சில வரிகளிலேயே ஒரு வலைப்பக்கத்தை இயங்கச் செய்யலாம். வலை எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கற்பிக்க இதைவிட எளிய கருவி அரிது. ஆனால் தரவுத்தள இணைப்பு, உள்நுழைவு, படிவச் சரிபார்ப்பு ஆகியவற்றுக்கு வெளியிலிருந்து பகுதிகளைத் தேர்ந்து இணைக்க வேண்டும. அனுபவமுடையோருக்கு இது சுதந்திரம். புதியவருக்கோ, தாம் இன்னும் கல்லாதவற்றைப் பற்றிய முடிவுகளை முன்கூட்டியே எடுக்க வேண்டிய சுமை.

ஜாங்கோ: இதுவும் பைத்தான் மொழிச் சட்டகமே. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் நகர நாளிதழ் ஒன்றின் வலைப்பிரிவில் பணியாற்றிய ஏட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் ஆகியோர் 2003ஆம் ஆண்டில் இதனை உருவாக்கத் தொடங்கினர்; 2005ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. செய்தி அறையின் நெருக்கடிகளுக்கிடையே, நிரலர் அல்லாதோரும் விவரங்களைப் பதிவதற்கென உருவானதால், பதிவுகளைச் சேர்க்கவும் திருத்தவும் உதவும் நிர்வாகப் பகுதி இதனுடனேயே அமைந்துள்ளது. தரவுத்தளப் பயன்பாட்டிற்கு இதுவே இதன் தனிச்சிறப்பாகும்.

லாராவெல்: பிஎச்பி மொழியில் டெய்லர் ஓட்வெல் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட சட்டகம். பிஎச்பி இயங்கும் வழங்கிகள் குறைந்த கட்டணத்தில் எங்கும் கிடைக்கின்றன. அம்மொழியை அறிந்தோரும் நம் நாட்டில் மிகுதி. தரவுத்தள இணைப்பும் அமைப்பு மாற்றப் பதிவும் செம்மையாக அமைந்துள்ளன. நிர்வாகப் பகுதி மட்டும் உடன் வருவதில்லை. தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும். அலுவலகத்தில் ஏற்கெனவே பிஎச்பி வழக்கிலிருப்பின் லாராவெல்லே தக்க தேர்வாகும்.

ரூபி ஆன் ரெயில்ஸ்: 2004ஆம் ஆண்டில் டேவிட் ஹெய்ன்மையர் ஹான்சன் வெளியிட்டது. ஒவ்வொன்றையும் அமைத்துக் கொண்டிராமல், ஏற்கப்பட்ட மரபைப் பின்பற்றினால் போதும் என்னும் கொள்கையை இதுவே பரவலாக்கியது. பின்னர் வந்த பல சட்டகங்கள் இதன் கடனாளிகள். கற்பதற்கு இனியதாயினும், சிறு நகரங்களில் ரூபி மொழி அறிந்தோரைத் தேடுவது எளிதன்று.

ஸ்பிரிங் பூட்: ஜாவா மொழியில் அமைந்தது, 2014ஆம் ஆண்டில் இதன் முதற்பதிப்பு வெளியாயிற்று. வங்கிகளும் பெரும் நிறுவனங்களும் விரும்பிப் பயன்படுத்துவது. பலர் கூடிப் பணியாற்றும் பெருந்திட்டங்களுக்கு ஏற்றது. தனியொருவர் முதன்முதலாகக் கற்பதற்கு இதன் கருத்துகள் மிகுந்த சுமையாகும்.

ஃபிராப்பே: மும்பையைச் சேர்ந்த நிறுவனம் உருவாக்கிய இந்தியச் சட்டகம். பைத்தான் மொழியை அடிப்படையாகக் கொண்டது. ஆவண வகைகளைத் திரையிலேயே வரையறுத்தால் அட்டவணையும் படிவமும் தாமாக உருவாகின்றன. விரைவில் பயன் காண விழைவோருக்கு இது உகந்தது. ஆயினும் அதன் முறைக்குப் புறம்பான தேவை எழும்போது, உள்ளமைப்பை ஆழ்ந்து கற்க வேண்டியிருக்கும்.

மேற்கூறிய அளவுகோல்களைக் கொண்டு நோக்கின், முன்னனுபவமோ முன்னேற்பாடோ இல்லாத தொடக்க நிலையினருக்கு ஜாங்கோவே பரிந்துரைக்கத்தக்கது. பைத்தான் மொழி இன்று பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பரவலாகக் கற்பிக்கப்படுகிறது. ஆதரவுக் காலமும் தெளிவாக அறிவிக்கப்படுகிறது. 2025 ஏப்ரலில் வெளியான 5.2 பதிப்பு நீண்டகால ஆதரவுக்குரியது. 2028 ஏப்ரல் வரை அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. லாராவெல் பதிப்புகளுக்கு இக்காலம் இரண்டு ஆண்டுகளாகும். திட்டமிடும் அலுவலருக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

சட்டகமே ஆசிரியராகும் விதம்

நல்ல சட்டகம் வேலையைக் குறைப்பதுடன் நில்லாது, புதியவர் கேட்க மறக்கும் வினாக்களைத் தானே கேட்கவும் செய்கிறது. ஜாங்கோவில் கடன் அட்டவணையை உறுப்பினர் அட்டவணையுடன் இணைக்கும்போது, உறுப்பினரின் பதிவு நீக்கப்பட்டால் அவருடைய கடன் பதிவுகள் என்னாகும் என்பதைக் குறிப்பிட்டே தீர வேண்டும். 2017ஆம் ஆண்டு இறுதியில் வெளியான 2.0 பதிப்பு முதல் இது கட்டாயமாக்கப்பட்டது. உடன் நீக்குக என்று எழுதினால் கடன் வரலாறு முழுவதும் ஒரு சொடுக்கில் மறையும். தடுத்து நிறுத்துக என்று எழுதினால், கடன் உள்ளவரை உறுப்பினரை நீக்க இயலாது. பொதுப்பணத்தைப் பற்றிய பதிவேட்டில் இரண்டாவதே பொருந்தும்.

நான்கு அட்டவணைகளையும் மாதிரிகளாக எழுதி முடித்ததும், அவற்றைத் தரவுத்தளத்தில் உருவாக்கும் கட்டளைகளைச் சட்டகமே ஆக்கிக்கொள்கிறது. ஆறு திங்கள் கழித்து உறுப்பினருக்குக் கைப்பேசி எண் என்னும் கலம் தேவைப்பட்டால், அம்மாற்றம் தனிக் கோப்பாகப் பதிவாகிறது. எந்த வரிசையில் எவை மாற்றப்பட்டன என்பதைப் பின்னர் வருபவர் அக்கோப்புகளைக் கொண்டே அறியலாம். அரசாணைகளும் அவற்றின் திருத்தங்களும் கோப்பில் வரிசையாக இருப்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

தவணை பதிவாகும்போது ரொக்கப் புத்தகத்திலும் வரவு எழுத வேண்டும் என்று கொள்வோம். முதற்பதிவு முடிந்து, இரண்டாம் பதிவுக்குமுன் மின்சாரம் நின்றால் கணக்கு முறிந்துவிடும். இரண்டும் நிகழ வேண்டும், அல்லது இரண்டும் நிகழலாகாது என்று இவ்விரு பதிவுகளையும் ஒரே நடவடிக்கையாகப் பிணைக்கும் வசதி தரவுத்தளத்தில் உண்டு. அதனைச் சட்டகத்தில் ஒரு சொல்லால் வேண்டிப் பெறலாம்.

நிர்வாகப் பகுதியின் எல்லையையும் இங்குச் சுட்டுதல் வேண்டும். அது நம்பிக்கைக்குரிய அலுவலகப் பணியாளருக்கென அமைந்தது. பொதுமக்கள் பயன்படுத்தும் திரைகளைத் தனியே எழுத வேண்டும். அதன்வழிச் செய்யப்படும் திருத்தங்களை யார், எப்போது செய்தார், எக்கலத்தைத் திருத்தினார் என்பதை அது பதிகிறது. முந்தைய மதிப்பு என்ன என்பதைப் பதிவதில்லை. எதிர்ப்பதிவு முறையை முன்னர் வலியுறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பாதுகாப்பு

உறுப்பினரின் பெயரைத் தேடும் கட்டத்தில் ஒருவர் பெயருக்கு மாறாக எஸ்.கியூ.எல். கட்டளையின் ஒரு துண்டை எழுதுகிறார் எனக் கொள்வோம். பயனாளர் எழுதியதை அப்படியே கட்டளையுடன் ஒட்டி அனுப்பும் நிரலாயின், தரவுத்தளம் அதனையும் கட்டளையாகவே நிறைவேற்றிவிடும். பட்டியல் முழுவதும் வெளியாகலாம் அல்லது அழியலாம். இத்தகைய ஊடுருவல், வலைப் பாதுகாப்பு பற்றி ஓவாஸ்ப் அமைப்பு 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட இடர்ப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. 2021ஆம் ஆண்டுப் பட்டியலில் மூன்றாமிடத்திற்கு இறங்கியது.

சட்டகங்கள் கட்டளையையும் மதிப்பையும் தனித்தனியே தரவுத்தளத்திற்கு அனுப்புவதால், எழுதியது எதுவாயினும் அது தேடப்படும் சொல்லாக மட்டுமே கருதப்படும். கடவுச்சொற்களும் மீட்டறிய இயலாத வடிவில் சேமிக்கப்படுகின்றன. எனினும், குறுக்குவழியாகக் கட்டளையைத் தாமே ஒட்டி எழுதுவோருக்கு இப்பாதுகாப்புக் கிட்டாது.

2021ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பெற்றது அனுமதிக் கட்டுப்பாட்டின் குறைபாடாகும். முகவரியிலுள்ள எண்ணை மாற்றி ஒரு குழுவின் கணக்கர் மற்றொரு குழுவின் கணக்கைக் காண முடிந்தால், அதனைச் சட்டகம் தானாகத் தடுக்காது. யார் எதைக் காணலாம் என்பது நிர்வாக விதி. அதனை எழுதும் பொறுப்பு நிரலரைச் சார்ந்தது.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் கருத்தில் கொள்ளத்தக்கது. பணிக்குத் தேவையான விவரங்களை மட்டுமே திரட்ட வேண்டும். பின்னர்ப் பயன்படக்கூடும் என்னும் எண்ணத்தில் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் கேட்டு வைப்பது ஆபத்தை விலைகொடுத்து வாங்குவதாகும். அரசுப் பயன்பாடுகளை இணையத்தில் ஏற்றுமுன், கணிப்பொறி அவசரநிலைகளைக் கவனிக்கும் செர்ட்-இன் அமைப்பின் பட்டியலிலுள்ள தணிக்கையாளரைக் கொண்டு பாதுகாப்புத் தணிக்கை செய்வித்தல் வேண்டும். உருவாக்கும்போது பிழைகளை விரிவாகக் காட்டும் நிலையை, பயன்பாட்டுக்கு விடும்போது அணைத்துவிட வேண்டும்.

பயிலும் முறை

தொடக்க நிலையினர் பின்வரும் ஒழுங்கில் பயிலலாம்.

முதற்படியாக, தமக்கு நன்கு தெரிந்த ஒரு பதிவேட்டைத் தேர்ந்து அதன் அட்டவணைகளைத் தாளில் வரைக. விடுதி வருகைப் பதிவேடு, நூலகப் புத்தகப் பதிவேடு போன்றவை மாணவர்க்கு ஏற்றவை.

இரண்டாம் படியாக, எஸ்கியூலைட் என்னும் சிறு தரவுத்தளத்தில் அவ்வட்டவணைகளை உருவாக்கி, எஸ்.கியூ.எல். மொழியில் வினவிப் பழகுக. 2000ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஹிப் வெளியிட்ட இத்தரவுத்தளம் பைத்தானுடனேயே வருகிறது. சட்டகம் எஸ்.கியூ.எல். எழுதும் தேவையைக் குறைப்பது மெய்யே. ஆயினும் அதனை அறியாதவர், அறிக்கை ஒன்று ஏன் தவறான தொகையைக் காட்டுகிறது என்பதைக் கண்டறிய இயலாமல் திகைப்பர்.

மூன்றாம் படியாக, பைத்தான் மொழியின் அடிப்படைகளைக் கற்று, ஜாங்கோவின் அதிகாரப்பூர்வப் பயிற்சிநூலைத் தொடக்கம் முதல் இறுதி வரை செய்து பார்க்க. கருத்துக் கணிப்பு ஒன்றை உருவாக்கும் அப்பயிற்சி, மாதிரி, நிர்வாகப் பகுதி, படிவம், சோதனை ஆகிய அனைத்தையும் தொட்டுச் செல்கிறது.

நான்காம் படியாக, தாம் தாளில் வரைந்த பதிவேட்டையே ஜாங்கோவில் உருவாக்குக. பயிற்சிநூலைப் பின்பற்றுவதற்கும் சொந்தத் தேவைக்கு எழுதுவதற்கும் இடையிலுள்ள தொலைவு இங்குதான் கடக்கப்படுகிறது.

ஐந்தாம் படியாக, பயன்பாட்டை போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திற்கு மாற்றுக. எஸ்கியூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே எழுத இயலும்; துல்லியப் பதின்ம எண்ணுக்கெனத் தனி வகையும் அதில் இல்லை. பலர் பணம் பதியும் பயன்பாட்டுக்கு இவ்விரு குறைகளும் பொருட்படுத்தத்தக்கவை.

ஒப்படைப்பு

அரசுப் பணியில் பொறுப்பை ஒப்படைக்கும்போது பட்டியல் தந்து கையொப்பம் பெறுவது வழக்கம். மென்பொருளுக்கும் அம்முறை வேண்டும். நிரலின் முழுப் படி, பயன்படுத்திய பகுதிகளின் பெயர்களும் பதிப்பு எண்களும், அட்டவணைகளின் வரைபடம், நிறுவும் முறை குறித்த இரண்டு பக்கக் குறிப்பு, கடவுச்சொற்கள் அலுவலகத்தின் பொறுப்பில் இருத்தல் ஆகியன அப்பட்டியலில் இடம்பெற வேண்டும்.

நாள்தோறும் தரவுத்தளத்தின் காப்புப்படி எடுக்கப்படுவதுடன், அப்படியிலிருந்து வேறொரு கணிப்பொறியில் பயன்பாட்டை மீண்டும் இயங்கச் செய்ய முடிகிறதா என்பதும் அவ்வப்போது சோதிக்கப்பட வேண்டும். இதுவரை மீட்டுப் பார்க்கப்படாத காப்புப்படியை நம்பியிருத்தல் இயலாது. மாதந்தோறும் நான்கு அட்டவணைகளையும் எளிய உரைக்கோப்புகளாக எடுத்து வைத்தல், நாளை எச்சட்டகத்திற்கும் மாறுவதற்கான வழியைத் திறந்து வைக்கும்.

தேர்வு சரியா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பயன்பாட்டை உருவாக்கியவர் அருகில் இல்லாதபோது, மற்றொருவர் அக்குறிப்பைப் படித்து, உறுப்பினர் அட்டவணையில் ஒரு புதிய கலத்தைச் சேர்த்துக் காட்ட வேண்டும். ஓரிரு நாளில் அவரால் அதனைச் செய்ய முடிந்தால் தேர்வு நன்று. முடியவில்லையெனில், சட்டகம் எவ்வளவு புதுமையானதாயினும் அவ்வலுவலகத்திற்கு அது பொருந்தவில்லை என்றே கொள்ளலாம்.

முடிவுரை

சட்டகங்கள் தோன்றும்; வளரும்; வழக்கொழியும். அட்டவணைகளைச் செம்மையாக அமைக்கும் திறனும், எஸ்.கியூ.எல். அறிவும், பின் வருபவருக்காக எழுதி வைக்கும் பழக்கமும் எச்சட்டகத்திலும் பயன்படும். தொடக்க நிலையினர்க்குத் தேவை, ஆயிரம் வழிகளைத் திறந்துவிடும் கருவியன்று; நன்கு சோதிக்கப்பட்ட ஒரு வழியில் அழைத்துச் செல்லும் கருவியே. அவ்வகையில் ஜாங்கோவும், பிஎச்பி வழக்கிலுள்ள இடங்களில் லாராவெல்லும் ஏற்புடையன.

சிற்றூரில் மாதந்தோறும் தவறாமல் தவணை செலுத்தும் பெண்ணுக்கு எந்தச் சட்டகம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. தாம் செலுத்திய தொகை தம் பெயரில் பதிவாகியுள்ளதா என்பதொன்றே அவருக்குத் தேவை. அலுவலர்கள் மாறினாலும் அப்பதிவு மாறாதிருக்கச் செய்வது, இத்துறையில் அடியெடுத்து வைக்கும் இளைஞர்கள் ஏற்க வேண்டிய முதற்கடமையாகும்.